உடைந்த ஓட்டிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறீர்கள். நம் பக்கத்து மண்பாண்டங்கள் மேலும் ஐயனார் குதிரைகள் மேலும் உங்களுக்குத் தீராத ஆசை. அந்த ஆசை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தொற்ற வேண்டும். படம் போட்டுக் காட்டினீர்கள், ஐந்தாவது நிமிடத்தில் கொட்டாவி விட்டார்கள். நான்கைந்து பாடவேளை கிடைக்கும், பணம் அதிகம் இல்லை. எங்கே தொடங்குவது?

நான் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இதே வேலையை இருபது வருடத்துக்கு மேல் செய்திருக்கிறேன், அதில் பாதியைத் தப்பாகச் செய்திருக்கிறேன். அந்தத் தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில், ‘நம் பாரம்பரியம், நம் பெருமை’ என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். சுதந்திர தின விழா தொடங்கி ஆண்டு விழா வரை அந்த வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளுக்குக் காது மரத்துப்போயிருக்கிறது. ஒரு பானையைப் பார்த்து அது என்ன செய்தது, எப்படிப் பிறந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். துப்பறியும் வேலை என்றால் எந்தப் பிள்ளையும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

அதற்கு முழுப் பானையைவிட உடைந்த ஓடுதான் உதவும். முதல் வகுப்புக்கு முன்னால், வீட்டுக் கொல்லையிலோ குப்பைமேட்டிலோ கிடக்கும் மண்சட்டி ஓடு ஒன்றை, உள்ளங்கை அளவில், ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். சிவகங்கை மாவட்டம் என்பதால் கூடவே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். வயல்காட்டுத் திடலிலோ பள்ளம் தோண்டிப்போட்ட மண்ணிலோ கிடப்பதைத் தொடக்கூடாது. உங்கள் பக்கத்தில் அது 2000 வருடத்துப் பழையதாக இருந்தாலும் இருக்கும். கிடந்த இடம் தெரியாமல் போனால் அந்த ஓடு பாதி ஊமையாகிவிடும். கண்ணில் பட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு உங்களிடம் வந்து சொல்லட்டும். நீங்கள் தொல்லியல் துறைக்குத் தெரிவித்துவிடுங்கள்.

ஓடுகள் மேசையில் சேர்ந்ததும் நீங்கள் பேச வேண்டியது குறைவு. கரி எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது? வெளிப்பக்கம் என்றால் அடுப்பேறிய சட்டி. உட்பக்கம் லேசான வெள்ளைப் படலம் இருந்தால் தண்ணீர்ப் பானை, அதுவும் உப்புத் தண்ணீர். வெள்ளை அடித்தது போல உள்ளே திட்டுத்திட்டாகச் சுண்ணாம்பு இருந்தால் பதநீர்க் கலயமாக இருக்கலாம். புளித்துப்போகாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசித்தான் பாளையில் கட்டுவார்கள். உடைந்த விளிம்பைப் பாருங்கள்: இரண்டு ஓரமும் சிவப்பு, நடுவில் கறுப்புக் கோடு. சூடு நடு வரைக்கும் போயிருக்கிறது, காற்று போகவில்லை, மண்ணிலிருந்த செத்தை எரிந்து தீராமல் கரியாகத் தங்கிவிட்டது. வெந்ததா என்று இட்லியைப் பிட்டுப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

வாய்விளிம்பு ஓடு யாரிடமாவது வந்தால் அவன்தான் அன்றைக்கு ராஜா. ஓட்டைத் தாளில் கவிழ்த்து வளைவைப் பென்சிலால் வரைந்து, காம்பஸால் அதை முழு வட்டமாக்கினால், இல்லாத பானையின் வாய் எத்தனை சென்டிமீட்டர் அகலம் என்று தெரிந்துவிடும். அகழாய்வில் செய்வதும் இதேதான். அங்கே அளவு அளவாக வட்டம் போட்ட தாள் ஒன்று தயாராக வைத்திருப்பார்கள். கணக்கு வாத்தியாரிடம் சொல்லுங்கள், அவர் தன் பாடவேளையையே உங்களுக்குக் கொடுத்துவிடுவார். எனக்கு அப்படித்தான் ஒன்று கிடைத்தது.

ஒரு வருடம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கனமான ஓடு ஒன்றை ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தான். உட்பக்கம் வரிவரியாகப் பள்ளம். தன் நடுவிரலை ஒரு பள்ளத்தில் பதித்துப் பார்த்தான், சரியாக உட்கார்ந்தது. “சார், இது யாரு விரலு?” என்றான். சக்கரம் சுற்றும்போது வனைந்தவரின் விரல் விட்டுப்போன தடம் அது. வெளிப்பக்கத்தைத் தேய்த்து மழமழப்பாக்கிவிடுவார்கள், உள்ளே யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அப்படியே விட்டுவிடுவார்கள். அன்றைக்கு வகுப்பு முழுக்க ஓட்டுக்குள் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மாதக்கணக்கில் பேசியும் நடக்காதது அந்த ஒரு கேள்வியில் நடந்தது.

இதற்குப் பிறகு கீழடிக்குக் கூட்டிப்போங்கள். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் உங்களுக்குக் கிட்டத்தில்தான். ஓடு படிக்கத் தெரிந்த பிறகு போனால் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிகளை ஓடிக் கடக்கமாட்டார்கள். அங்கே கறுப்பு சிவப்புப் பானை வகை இருக்கும்: உள்ளேயும் வாயோரமும் கறுப்பு, வெளியே உடம்பு சிவப்பு. ‘சாயம் பூசினார்களா?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், பானையைக் கவிழ்த்துவைத்துச் சுட்டார்கள் என்பது. உள்ளே காற்று நுழையாமல் கரி ஏறிக் கறுத்தது. வெளியே காற்றுப் பட்டதால் மண்ணில் இருந்த இரும்பு சிவந்தது. எட்டாம் வகுப்பில் யாராவது ஒருவராவது இதைத் தானே சொல்லிவிடுவார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

கீழடியின் நான்காம் கட்ட அகழாய்வில் தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் 56 கிடைத்தன. ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ போன்ற பெயர்கள், பெரும்பாலும் பானையின் தோள்பட்டையில். திரும்பி வந்ததும் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஈரக் களிமண் வில்லையில் ஆணியால் பெயர் எழுதச் சொல்லுங்கள், பிறகு சுட்ட ஓடு ஒன்றிலும் எழுதச் சொல்லுங்கள். ஈர மண்ணில் கோட்டின் இருபுறமும் மண் வரப்பு போல எழும்பும். சுட்ட ஓட்டில் கோடு பொடிப்பொடியாக உதிர்ந்து ஓரம் சிதறும். இந்த வித்தியாசம் தெரிந்தால், எழுதியது வனைந்தவரா, விலை கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவரா என்று யோசிக்க வழி கிடைக்கும். வாங்கியவர் எழுதினார் என்றால்? பானை வாங்குகிற ஆளுக்கு எழுதத் தெரிந்திருக்கிறது. இதை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்கள் வாயிலிருந்தே வரட்டும்.

இரண்டாவது பாடவேளை வீட்டுப்பாடமாகவே போகட்டும். பாட்டி, அப்பத்தாவிடம் போய்ப் பாண்டங்களின் பெயர் கேட்டு வரவேண்டும். பானை, சட்டி, குடம் எல்லாருக்கும் தெரியும். கலயம், மொந்தை, முட்டி, தோண்டி, சால், மிடா, தாழி என்று வரிசை நீளும். உறி, பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கும் பிரிமணை, தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாடு என்று பானையோடு ஒட்டிய சொற்களும் சேர்ந்து வரும். ஒரு பெண் ‘குலுக்கை’ என்று எழுதிக்கொண்டு வந்தாள், தானியம் கொட்டிவைக்கும் ஆளுயர மண்கூடு. அதன் அடியில் ஒரு ஓட்டை இருக்கும், அடைப்பை எடுத்தால் தானியம் கொட்டும். ‘எங்க அப்பத்தா சின்ன வயசுல அதுக்குள்ள ஒளிஞ்சு விளையாடினாங்களாம் சார்’ என்றாள். அகராதியில் இந்தக் கடைசித் தகவல் இருக்காது. அப்புறம் எந்தப் பாண்டம் எந்த நாளில் வீட்டுக்கு வரும் என்றும் கேட்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு அரசாணிப் பானை, திருவிழாவுக்கு முளைப்பாரி ஓடு, தைக்குப் பொங்கல் பானை, கார்த்திகைக்கு அகல், கடைசியில் கொள்ளிக்குடம். கொள்ளிக்குடத்தைப் பற்றிப் பேசத் தயங்க வேண்டாம். ஊர்ப் பிள்ளைகள் பார்க்காத விஷயமில்லை அது.

எட்டாம் வகுப்புக்குப் புறநானூற்று 256ஆம் பாட்டைச் சொல்லலாம். வழியில் கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி, அவனை வைத்துப் புதைக்கத் தாழி செய்கிற குயவரிடம், எனக்கும் இடம் இருக்கிற மாதிரிக் கொஞ்சம் அகலமாக வனைந்து கொடு என்று கேட்கிறாள். அவரை அவள் கூப்பிடுவது ‘கலம்செய் கோவே’ என்று. கீழடியில் தாழியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு உரை தேவைப்படாது.

சரி, இனி மண்ணில் கை வைக்கலாம். இங்கேதான் எல்லாரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். பானை என்றதும் சக்கரம் ஞாபகம் வரும். ஒரு சக்கரத்தை வரவழைத்து நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவோம். ஆளுக்கு ஒரு நிமிடம், கையைச் சேறாக்கிக்கொண்டு, வனைபவர் பின்னாலிருந்து கையைப் பிடித்துச் செய்துகொடுத்த கிண்ணத்தோடு ஒரு படம். அவ்வளவுதான். வனைய ஒழுங்காகக் கை பழக வருடங்கள் ஆகும். ஒரு நிமிடத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது, ‘இது நமக்கு வராது’ என்பதை மட்டும். சக்கரத்தை அவர்கள் பார்க்கட்டும், அவர்கள் செய்வது கையால் மட்டும் இருக்கட்டும். எலுமிச்சை அளவு உருண்டை, கட்டைவிரலால் நடுவில் குழி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி மெலிதாக்கினால் கிண்ணம். அடுத்தது, மண்ணை உள்ளங்கையால் திரி திரியாக உருட்டி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஒட்டிப் பூசுவது. இந்த இரண்டும் போதும், இவை சக்கரத்துக்கும் மூத்த முறைகள்.

மண்ணைக் கடையில் வாங்காதீர்கள். கண்மாயிலிருந்து வரட்டும். தண்ணீர் பாட்டிலில் கால் பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஜன்னலில் வையுங்கள். மறுநாள் காலை அடியில் மணல், அதற்குமேல் வண்டல், மேலே கொழுகொழுவென்று களி என்று அடுக்கடுக்காகத் தெரியும். பென்சில் தடிமனுக்குத் திரி உருட்டி விரலில் மோதிரமாகச் சுற்றச் சொல்லுங்கள். விரிசல் விட்டால் மணல் அதிகம், வழுக்கிக்கொண்டு ஒட்டினால் களி அதிகம். குயவர்கள் இரண்டு மூன்று கண்மாய் மண்ணைக் கலப்பது இதற்காகத்தான், ஒன்றின் பிசுபிசுப்பை இன்னொன்றின் மணல் சரிக்கட்டும். இன்னொரு சோதனை: தட்டையான வில்லையில் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு ஒன்று கீறி, காய்ந்தபின் அளந்து பார்க்க வேண்டும். பொதுவாக 5 முதல் 10 சதவீதம் சுருங்கியிருக்கும். ‘கோடு எங்க சார் போச்சு?’ என்பார்கள்.

மண் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரி, கண்மாய்களில் வண்டலும் களிமண்ணும் இலவசமாக எடுக்கத் தாலுகா அளவிலேயே அனுமதி வாங்கும்படி 2024இல் அரசு விதியை எளிதாக்கியது. அதுவரை எத்தனை அலுவலகம் அலைந்தார்கள் என்பதை நீங்கள் சொல்வதைவிட, நீங்கள் பள்ளிக்கு அழைக்கப்போகும் குயவர் சொல்லிப் பிள்ளைகள் கேட்பது நல்லது. பள்ளிக்குத் தேவை இரண்டு சாக்கு மண்தான். அதையும் அவரிடமே விலைக்குக் கேளுங்கள். கல் பொறுக்கி, சலித்து, ஊறவைத்து, மிதித்துப் பதமாக்கிய மண்ணாகக் கிடைக்கும்.

இப்போது என் பெரிய தோல்வி. முதல் வருடம் பிள்ளைகள் செய்த கிண்ணங்கள், யானைகள், பிள்ளையார்கள் எல்லாவற்றையும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். மைதான ஓரத்தில் வைக்கோலும் வரட்டியும் அடுக்கித் தீ மூட்டினேன். பத்து நிமிடத்தில் உள்ளே படார் படார் என்று வெடி. ஆறியபின் கிளறிப் பார்த்தால் முக்கால்வாசி சில்லு. ஒரு பெண் தன் யானையின் தும்பிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அழாமல் நின்றாள், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. சாயங்காலம் பக்கத்து ஊர்க் குயவர் வந்து சில்லுகளைப் பார்த்துவிட்டு, “மேல காஞ்சிருச்சு சார், உள்ள காயல. தீய எடுத்த எடுப்புல வச்சுட்டீங்க” என்றார். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் வெடித்திருக்கிறது. தடிமனான பிள்ளையார்தான் முதலில் போனது, கிள்ளிச் செய்த மெலிந்த கிண்ணங்கள் தப்பின.

அதிலிருந்து என் கணக்கு இது. எதுவும் கட்டைவிரல் தடிமனுக்கு மேல் போகக்கூடாது. பெரிதாக வேண்டும் என்றால் உள்ளே குடைந்துவிட வேண்டும், எங்காவது ஒரு துளையும் வேண்டும். வெயிலில் வைக்காமல் நிழலில் ஏழிலிருந்து பத்து நாள் காய வேண்டும். காய்ந்ததா என்று தெரியக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சுடுவதை நாமே செய்ய வேண்டாம். குயவர் தன் சூளையைப் பிரிக்கிற நாள் எது, அடுத்து அடுக்குகிற நாள் எது என்று கேட்டு, அவர் பாண்டங்களோடு சேர்த்து மேல் அடுக்கில் வைத்துத் தரச் சொல்லுங்கள், அதற்குக் கூலி கொடுங்கள். ஆரம்பத்தில் மணிக்கணக்கில் புகை மூட்டம் மட்டும் போட்டு மெல்ல மெல்லச் சூடேற்றுவது அவருக்குக் கைவந்த விஷயம். களிமண் திரும்பவும் சேறாகாத பாண்டமாக மாற ஏறத்தாழ 600 டிகிரியைத் தாண்ட வேண்டும், நம் ஊர்ச் சூளைகள் அதற்கும் மேலே போகும். ஒரு சுடாத கிண்ணத்தையும் சுட்ட கிண்ணத்தையும் தண்ணீரில் போட்டு வையுங்கள், டிகிரிக் கணக்கே தேவைப்படாது.

அந்தத் தோல்வியால் ஒரு நன்மையும் வந்தது. ஐயனார் கோயிலுக்குப் போனபோது, குதிரையின் வயிற்றைத் தட்டிப் பார்த்த பிள்ளைகளில் ஒருத்தி, “உள்ள ஒண்ணுமில்ல! அதான் வெடிக்கல!” என்று கத்தினாள். தும்பிக்கைக்காரிதான். சொல்லிக்கொடுத்திருந்தால் மறந்திருப்பாள்.

குதிரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீங்களே நன்றாக அறிந்தவர். மண்குதிரை செய்து ஐயனாருக்குச் செலுத்தும் புரவி எடுப்பு கோயிலில் தொடங்குவதில்லை, பிடிமண்ணில் தொடங்குகிறது. ஊரார் ஒரு பிடி மண்ணை வேளார் கையில், அதாவது குதிரை செய்யும் குயவர் கையில், கொடுத்தால்தான் வேலை ஆரம்பம். அந்த ஒரு பிடியைப் பிள்ளைகள் மனதில் பதிய வையுங்கள். நான்கு கால்களும் முதலில் உருளைகளாக எழும்பும், அதற்குமேல் உடம்பு, கழுத்து, தலை. களிமண்ணோடு மணலும் வைக்கோல் துணுக்கும் உமியும் சேரும். முடிந்ததும் ஊர்வலமாகக் கோயிலுக்குப் போய்க் கண் திறக்கும். அதன்பிறகு வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும். பழைய குதிரைகள் காது போய், கால் போய்க் கிடப்பதைப் பார்த்து ‘யாரும் பராமரிக்கலையா?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்குப் போகிறது, அடுத்த நேர்ச்சைக்குப் புதிதாக வரும். புதுக்கோட்டைப் பக்கம் போகிற வாய்ப்பிருந்தால் நமுணசமுத்திரத்தில் வழியின் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்கும் குதிரைகளைக் காட்டுங்கள். ஏற விடாதீர்கள், துண்டு எடுக்கவும் விடாதீர்கள். அதெல்லாம் யாரோ ஒருவருடைய வேண்டுதல்.

இனி வேளாரைப் பள்ளிக்கு அழைப்பது. இதில்தான் உங்கள் கவனம் அதிகம் வேண்டும். ஒரு பள்ளி விழாவில் நான் கண்ணால் பார்த்தது: காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்ன பெரியவர், சிறப்பு விருந்தினர் வரும் வரை மூன்று மணி நேரம் வெயிலில் சக்கரத்தோடு காத்திருந்தார். விருந்தினர் வந்து சக்கரத்தில் கை வைத்து ஒரு படம், அவ்வளவுதான். பெரியவருக்கு ஒரு சால்வை. கூலி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு போய்விட்டார். சால்வையை வைத்து அவர் என்ன செய்வார்? ஒரு நாள் அவர் வேலை கெட்டால் என்ன வருமானம் போகுமோ அதைவிடக் கூடுதலாக, உறையில் போட்டு, வந்ததுமே கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் ‘ஐயா’ என்று கூப்பிடட்டும். மேடையும் மைக்கும் வேண்டாம், மரத்தடியில் அரைவட்டமாக உட்காரட்டும்.

முடிந்தால் அவரை வரவழைப்பதைவிட நீங்கள் அவர் வீட்டுக்குப் போவது மேல். பள்ளியில் அவர் ‘செய்து காட்டுபவர்’, அவர் வீட்டில்தான் அவர் தொழில் செய்பவர். சக்கரத்தில் வனைவதைப் பார்க்க எல்லாரும் முண்டியடிப்பார்கள். அவர்கள் பார்க்க வேண்டியது அடுத்த கட்டத்தை. சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுத்த பானைக்கு அடி இருக்காது. வாயும் கழுத்தும் அழகாக முடிந்திருக்கும், கீழே தடித்த சுவரோடு பெரிய ஓட்டை. நிழலில் கொஞ்சம் இறுகியதும் மடியில் வைத்துக்கொள்வார், அல்லது பெரும்பாலும் அந்த வீட்டு அம்மா வைத்துக்கொள்வார். இடது கையில் வழவழப்பான கல், பானைக்கு உள்ளே. வலது கையில் மரத் தட்டுப்பலகை, வெளியே. உள்ளே கல் எங்கே இருக்கிறதோ அங்கே சரியாக வெளியே பலகை விழும். தப், தப், தப் என்று ஒரே தாளம், மடியில் பானை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். தடித்த சுவர் மெலிந்து மெலிந்து உள்நோக்கி வளரும், ஓட்டை ஒரு ரூபாய்க் காசளவாகச் சுருங்கி, கடைசியில் மூடிக்கொள்ளும். கல் இருக்கும் கை அவர் கண்ணுக்குத் தெரியாது. பார்க்காமலே இரண்டு கையும் சந்தித்துக்கொள்கின்றன. நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், ஓட்டை மூடுகிற அந்தக் கடைசி நொடியில் இன்னும் மூச்சை நிறுத்தித்தான் பார்க்கிறேன்.

‘ஏன் அடியைத் தட்டையா வைக்கலை?’ என்று எவனாவது கேட்பான், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். மூன்று கல் அடுப்பில் உருண்டை அடிக்குச் சூடு சீராகப் பரவும், மூலை இருந்தால் அங்கேதான் முதலில் விரிசல் விடும். இடுப்பிலும் சும்மாட்டிலும் பிரிமணையிலும் உருண்டைதான் ஒழுங்காக உட்காரும். கேஸ் அடுப்பு வந்தபிறகு தட்டை அடி கேட்கிறார்கள், செய்தும் கொடுக்கிறார்கள். இதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கே போகாதீர்கள்.

மானாமதுரைக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது. அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதைவிடப் பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவது கடம். தட்டுகிற வேலைதான் அங்கே உச்சத்துக்குப் போகிறது. சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக வர ஆயிரக்கணக்கான தட்டு, அப்போதுதான் நாதம் பேசும். கடம் செய்யும் மீனாட்சி கேசவன் அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கொடுத்தார்கள். வாசித்ததற்கு இல்லை, செய்ததற்கு. பெண் பிள்ளைகளிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

கூச்சப்படாமல் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் வகுப்பிலேயே மண்பாண்டம் செய்கிற வீட்டுப் பிள்ளை இருக்கக்கூடும், இருப்பது உங்களுக்குத் தெரியாமலும் இருக்கக்கூடும். என் வகுப்பில் ஒருவன் இருந்தான். மண்ணைக் கொடுத்ததும் மற்றவர்கள் அதைக் குத்திக்கொண்டிருக்க, இவன் மட்டும் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி, மடித்து, திருப்பி, திரும்ப அழுத்தினான். “எப்படிடா இப்படி?” என்றார்கள். “சும்மாதான்” என்றான். எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. ‘இவன் அப்பாதான் பானை செய்கிறவர், எழுந்து நில்’ என்று சொல்வது பாராட்டு என்று நாம் நினைப்போம். சாதிப் பெயரைச் சொல்லிக் கேலி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது வேறு மாதிரிக் கேட்கும். மூன்றாவது வாரம் நான் திரி ஒட்டிக் காட்டியபோது அவனே, “சார், கீறிட்டு, கொழகொழன்னு மண்ணுத் தண்ணி தொட்டு ஒட்டணும், இல்லன்னா பிரிஞ்சுரும்” என்றான். திருத்தியதற்கு நன்றி சொல்லிவிட்டு அவன் சொன்னபடி செய்தேன். அதற்கப்புறம் பிள்ளைகள் சந்தேகத்தை என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டு அவனிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அவன் வீட்டைப் பற்றி எப்போது சொல்வது என்பதை அவனே முடிவு செய்தான்.

வண்ணம் தீட்டுவது பற்றியும் கேட்பீர்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. எனாமல் பூசி, கண்ணாடிச் சில்லு ஒட்டி, மேசையில் வைத்தால் அது பானையாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. பிள்ளைகள் கட்டாயம் கேட்டால் செம்மண் கரைசலும் சுண்ணாம்பும் போதும். ஆனால் எனாமலை ஒரு சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு மண் கலயம் இரண்டு, ஒன்றுக்கு வெளியே முழுக்க எனாமல், ஒன்று வெறுமனே. மூன்றாவதாக ஒரு எவர்சில்வர் சொம்பு. மூன்றிலும் ஒரே தண்ணீர், நிழலில், காற்றோட்டமாக. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பமானி. வெறும் கலயம்தான் குளிரும். சுவரின் நுண்துளை வழியே கசிந்த தண்ணீர் ஆவியாகப் போகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வேண்டும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4.2 ஜூல் எடுத்தால் போதும். கணக்குப் போட்டால் 10 லிட்டர் பானையில் வெறும் 100 மில்லி கசிந்து ஆவியானாலே மீதித் தண்ணீர் ஐந்தாறு டிகிரி இறங்க வேண்டும். வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் அவ்வளவு இறங்காது, ஆனாலும் நாக்குக்குத் தெரிகிற அளவுக்கு இறங்கும். எனாமல் அடித்த கலயம் எவர்சில்வரோடு தோழமை கொண்டாடிக்கொண்டிருக்கும்.

செலவு என்று பார்த்தால் மண், கூலி, சூளைக் கட்டணம், ஒரு வேன். தரையில் சிந்திய மண்ணைக் காய்ந்தபின் பெருக்க விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது; ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். இப்போது அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவில் களிமண் உருவப் போட்டியும் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள், வேலை சுலபமாக முடியும். ஆனால் போட்டிக்காக மட்டும் நான்கு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து மற்றவர்களை ஒதுக்கிவிடாதீர்கள்.

எப்போது போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாண்டம் காயாது, சூளையும் பற்றாது. அதில் அகல் வேலை வேறு தலைக்குமேல் இருக்கும். மார்கழி முழுக்கப் பொங்கல் பானை. சித்திரை, வைகாசியில் பள்ளி இல்லை. ஆடியில் முளைப்பாரி ஓடுகளுக்கு ஆள் வந்து நிற்கும், அதற்கப்புறம் ஆவணியில் கொஞ்சம் இடைவெளி உண்டு. என்னைக் கேட்டால் தை கடைசி, மாசி முதல் வாரம். பொங்கல் பானை விற்று முடிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, அவருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். தண்ணீர் பாட்டில் கொண்டுவர வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த வீட்டுத் திண்ணையில் பானை இருக்கும், மூடிமேல் ஒரு டம்ளரும் கவிழ்த்து வைத்திருப்பார்கள்.